காய்ந்தது மை அல்ல

இந்த ஆண்டு போகிக்கு முதல் நாள் நடந்தது இது. கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். பாட்டில் நிறையப் பால்பாயிண்ட் பேனாக்கள். அந்த வீட்டில் ஐந்தாறு வருடமாகச் சேர்ந்தவை. "ஏன் தம்பி, எல்லாமே தீர்ந்துபோச்சா?" என்று கேட்டேன். "மை இருக்கு சார், ஆனா காஞ்சு போச்சு. ஒண்ணுகூட எழுதாது" என்றான். பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட ரீஃபில்களில் விரல் நீளத்துக்கு மை நின்றது. சிலவற்றில் கழுத்து வரை நிறைந்திருந்தது.

பாட்டிலை நானே வைத்துக்கொண்டேன். அன்று மாலை ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு பழைய பனியன் துணி, மருந்துக்கடையில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட், பின்பக்கம் எழுதாத பழைய தேர்வுத்தாள்கள் நாலைந்து. இவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மை மிச்சமிருந்த பேனாக்களில் பெரும்பாலானவை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டன.

இதைச் சொன்னபோது கேட்டவர்கள் முகத்தில் தெரிந்தது இரக்கம்தான். "அஞ்சு ரூபா பேனாவுக்கு இந்தப் பாடா?" என்றார் ஒருவர். "அதெல்லாம் தூக்கிப் போடுறதுக்குன்னே செய்யுறது சார்" என்றார் பேனா விற்பவர். மரம் நடும் இயக்கத்தில் இருக்கும் நண்பர் இன்னும் ஒருபடி மேலே போனார். பால்பாயிண்ட் பேனாவே குப்பைதான், அதைப் போய்க் கழுவுவதை விட்டுவிட்டு இங்க் பேனாவுக்குத் திரும்பச் சொல்லி எழுதுங்கள் என்றார். இவர்கள் எல்லோரும் நல்லவர்கள், யோசிப்பவர்கள். ஆனாலும் ஒரே தவற்றில் நிற்கிறார்கள். அந்தத் தவற்றை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் பையன் சொன்ன தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். மை காய்ந்துபோயிற்று என்கிறோம். முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பெரும்பாலான பேனாக்களில் மை காய்வதே இல்லை. பால்பாயிண்ட் மை தண்ணீரில் கரைத்த சாயம் கிடையாது. பென்சைல் ஆல்கஹால், பினாக்ஸி எத்தனால் போன்ற கரைப்பான்களில் சாயத்தையும் பிசினையும் சேர்த்துச் செய்த களிம்பு அது. எரிசாராயம் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பென்சைல் ஆல்கஹால் கொதிக்க 205 டிகிரி வேண்டும். பினாக்ஸி எத்தனாலுக்கு 245 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். கடலூரின் கத்திரி வெயில் இவற்றை அசைத்துவிடாது. அதிகம் போனால் மை கொஞ்சம் இளகிச் சட்டைப்பையில் ஒழுகும்.

தடயவியல் ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். ஒரு பத்திரத்தில் போட்ட பால்பாயிண்ட் கையெழுத்து புதியதா பழையதா என்று வழக்கு வந்தால், அந்தக் கோட்டில் பினாக்ஸி எத்தனால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்க்கும் முறை ஒன்று உண்டு. காகிதத்தின் மேல் மயிரிழை அளவு மெல்லிய படலமாக, நாலு பக்கமும் காற்று பட விரிந்து கிடக்கும் மையிலேயே அந்தக் கரைப்பான் வெளியேற மாதக் கணக்காகிறது. சில மைகளில் ஒன்றரை, இரண்டு வருடம் வரை மாற்றத்தை அளக்க முடிகிறது. அப்படியிருக்க, பிளாஸ்டிக் குழாய்க்குள் விரல் நீளத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கும் மை, முனையில் இருக்கும் நூலிழை இடுக்கு வழியாக எப்படி ஆறு மாதத்தில் காய்ந்துபோகும்? காய்வது அந்த இடுக்கில் நிற்கும் கடுகில் பத்தில் ஒரு பங்கு மைதான். அதன் பின்னால் பல பக்கங்கள் எழுதப் போதுமான மை உயிரோடு காத்திருக்கிறது. நாமோ வாசலில் தாழ்ப்பாள் இறுகியதைப் பார்த்துவிட்டு வீட்டையே இடிக்கிறோம்.

தாழ்ப்பாள் இறுகும் காரணங்களும் மர்மம் ஒன்றுமில்லை. எழுதும்போது முனையில் இருக்கும் குண்டு உருண்டபடியே உள்ளிருந்து மையை எடுத்து வந்து தாளில் பூசுகிறது. திரும்பிப் போகும்போது தாளின் நாரையும், தாளை வெளுப்பாக்கச் சேர்த்த சுண்ணத்தூளையும் எடுத்துக்கொண்டு போகிறது. மூடி போடாத பேனாவில் தெருப்புழுதியும் சேரும். எண்ணெய் பிசுக்குள்ள தாளில் குண்டு வழுக்கும், உருளாது. பஜ்ஜி சுற்றிய தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கை வியர்வையும் தலை எண்ணெயும் பட்ட தேர்வுத்தாளின் கீழ்ப்பாதியில் பேனா விட்டுவிட்டு எழுதுவதும் இதனால்தான். அந்த நேரத்தில் பிள்ளைகள் பேனாவைத் திட்டி அடுத்த பேனாவை எடுக்கிறார்கள், அதுவும் அதே இடத்தில் விட்டுவிட்டு எழுதுகிறது.

நம் வீடுகளில் ஒரு பேனா மட்டும் மற்ற எல்லாப் பேனாக்களுக்கும் முன்னால் செத்துப்போகும். கவனித்திருப்பீர்கள். சுவரில் மாட்டிய காலண்டரின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. பால் கணக்கு, தண்ணீர் கேன் கணக்கு, கேஸ் வந்த தேதி எல்லாம் அதில்தான் எழுதப்படும். அந்தப் பேனாவுக்கு ராசியில்லை என்று என் தாயார் வருடா வருடம் சொல்வார். ராசி ஒன்றும் இல்லை. பால்பாயிண்ட் பேனாவில் மையைக் குண்டுக்குத் தள்ளுவது புவியீர்ப்புதான். சுவரில் எழுதும்போது பேனா படுத்துக் கிடக்கிறது, காலண்டர் உயரத்தில் இருந்தால் முனை மேல்நோக்கியே நிற்கிறது. மை பின்வாங்கி, குண்டுக்கும் மைக்கும் நடுவில் காற்று புகுந்துவிடுகிறது. காலண்டரைக் கழற்றிக் கையில் பிடித்து எழுதினால் அந்தப் பேனாவும் மற்றப் பேனாக்களைப் போலவே உழைக்கும். இது தெரியாமல் எத்தனை பேனாவைத் தூக்கி எறிந்திருப்போம்! எங்கள் வீட்டையே எண்ணிப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி நேரத்தைப் பற்றிய வாதம். ஐந்து ரூபாய்ப் பொருளுக்கு அரை மணி நேரத்தைக் கொடுப்பது நஷ்டம் என்கிறார்கள். அரை மணி நேரம் ஆகும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? முனையைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சொரசொரப்பான அட்டையில் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினால் பாதிப் பேனாக்கள் ஒரு நிமிடத்தில் எழுதிவிடும். மசியாத பேனாவின் ரீஃபில்லைக் கழற்றி, முனை மட்டும் மூழ்கும்படி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெந்நீரில் இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். களிம்பு இளகும். துடைத்துவிட்டு மறுபடி வட்டம் போட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முனையில் சுற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். பினாக்ஸி எத்தனாலில் கரைந்த பிசின் சாராயத்திலும் கரையும் என்பதால்தான் இது வேலை செய்கிறது. உள்ளே காற்று புகுந்த ரீஃபில்லுக்குக் காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவோமே, அந்த உதறல் போதும். அதற்கும் அசையாவிட்டால், முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி ரீஃபில்லை நூலில் இறுகக் கட்டி, ஆள் இல்லாத இடத்தில் நின்று நாலு சுற்றுச் சுற்றினால் மை முனைக்கு வந்து சேரும். எங்கள் பள்ளிக்கூட நாட்களில் இதை விளையாட்டாகவே செய்தோம்.

எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அதிலும் பாதி நேரம் ஸ்பிரிட்டின் வேலை, நம் வேலை இல்லை. லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் வண்டியை நிறுத்த இடம் தேடிப் புதுப் பேனா வாங்கித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்காதவர்கள்தான் இந்த ஐந்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

நேரத்தைவிடப் பெரிய விஷயம் பொருள். அந்த முனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் இவ்வளவு எளிதாக வீச மாட்டார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவருக்கும் வெள்ளைக் கட்டையும் நீல மூடியும் கொண்ட ரெனால்ட்ஸ் 045 பேனா நினைவிருக்கும். அதன் உடம்பில் 'ஃபைன் கார்ப்யூர்' என்று அச்சடித்திருக்கும். லட்சக்கணக்கான பிள்ளைகள் வருடக்கணக்கில் அந்தச் சொல்லை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு எழுதினார்கள், என்ன பொருள் என்று கேட்கவே இல்லை. கார்ப்யூர் என்பது பிரெஞ்சுச் சொல். கார்பைடு என்று பொருள். முனையில் இருக்கும் குண்டு டங்ஸ்டன் கார்பைடால் ஆனது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. பாறையைத் துளைக்கும் கருவிகளின் பற்களிலும், இரும்பைக் கடையும் லேத் பட்டறை உளிகளிலும் வைக்கிற அதே பொருள். கடினத்தில் வைரத்துக்குச் சில படிகள்தான் கீழே.

டங்ஸ்டன் என்ற பெயரைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். தமிழர்களின் குடைவரையும் வட்டெழுத்தும் சமணர் படுகையும் இருக்கும் மலைகள் அவை. 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்களோடு மனதால் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தப் போராட்டத்தைக் கொண்டாடிய கையால் டங்ஸ்டன் குண்டு வைத்த பேனாவை வாரம் ஒன்றாகக் குப்பையில் போடுவது எனக்குப் பொருந்தவில்லை. ஒரு பேனாவில் இருப்பது சில மில்லிகிராம்தானே என்பார்கள். சரிதான். ஆனால் பிரான்சின் பிக் நிறுவனம் 1950இல் தொடங்கிய கிரிஸ்டல் என்ற ஒரே வகைப் பேனாவை மட்டும் 2006க்குள் 10,000 கோடி விற்றுவிட்டது. குண்டுக்கு ஐந்து மில்லிகிராம் என்று வைத்தாலே 500 டன் வருகிறது. அத்தனையும் ஏதோ ஒரு ஊரின் மலையைக் குடைந்து எடுத்தது.

அந்தக் குண்டைத் தாங்கும் கிண்ணத்தின் கதை இன்னும் வியப்பானது. உலகத்துப் பால்பாயிண்ட் பேனாக்களில் பெரும்பங்கைச் செய்து தள்ளும் சீனா, ராக்கெட் விட்டு, அதிவேக ரயில் ஓட்டிய பிறகும், பேனா முனைக்கு வேண்டிய உருக்கைச் சொந்தமாகச் செய்ய முடியாமல் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. நம்மால் ஒரு பேனா முனை செய்ய முடியவில்லையே என்று அந்நாட்டுப் பிரதமர் லி கெச்சியாங் வெளிப்படையாகவே வருந்தினார். 2017 ஜனவரியில்தான் தையுவான் நகரத்து உருக்காலை அதைச் செய்துவிட்டதாக அறிவித்தது. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குண்டு உருளவும் வேண்டும், கழன்று விழவும் கூடாது, சுற்றிலும் மை கசியும் அளவுக்கு மட்டும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. இப்படி ஒரு நாட்டின் ஆலைகளைத் திணறவைத்த வேலைப்பாடு நம் மேசையில் கிடக்கிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'யூஸ் அண்ட் த்ரோ'.

அந்தப் பெயர் பேனாவோடு பிறந்ததும் அல்ல. 1888இல் ஜான் லவுட் என்ற அமெரிக்கர் தோலில் குறி போடுவதற்காகக் குண்டு முனைக்குக் காப்புரிமை வாங்கினார். ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, அச்சகத்து மை சட்டென்று உலர்வதைப் பார்த்து, அப்படிப்பட்ட கெட்டி மையைப் பேனாவில் வைக்க வழி தேடினார். வேதியியல் அறிந்த தம் சகோதரரோடு சேர்ந்து பல வருடம் உழைத்து 1938இல் காப்புரிமை பெற்றார், பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய் 1943இல் மேம்படுத்திய பேனாவுக்கு மறுபடி வாங்கினார். அவர் பிறந்த நாளை அந்த நாடு கண்டுபிடிப்பாளர் நாளாகக் கொண்டாடுகிறது. 1945 அக்டோபரில் நியூயார்க் கடை ஒன்றில் இந்த வகைப் பேனா விற்பனைக்கு வந்தபோது விலை பன்னிரண்டரை டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வாங்கியவர் எவரும் மை வரவில்லை என்று அதைத் தெருவில் வீசியிருக்க மாட்டார். விலை இறங்க இறங்க மதிப்பும் இறங்கிவிட்டது. விலை வேறு, மதிப்பு வேறு என்பதை நம் பாட்டிகள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

இங்க் பேனா நண்பருக்கு வருகிறேன். அவர் நோக்கம் நல்லது என்பதால் அவர் வாதத்தையே நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். நானும் இங்க் பேனாவில்தான் எழுத்துப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக் காய்ச்சிய வெந்நீரில் கழுத்தைத் திருகிக் கழற்றி ஊறவைப்போம். நிப்பின் நடுக் கீற்றில் பிளேடின் நுனியை விட்டு அழுக்கு எடுப்போம், தலைமுடியில் துடைப்போம். தண்ணீரில் கரைந்த அந்த மை பால்பாயிண்ட் மையைவிட வெகு சீக்கிரம் காய்ந்து கட்டியாகும். பத்து நாள் எழுதாமல் வைத்தாலே அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தபோது யாரும் அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, கழுவச் சொன்னார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். மை இறுகிப் பாதை அடைபடுகிறது. ஒன்றைக் கழுவினால் பண்பாடு, இன்னொன்றைக் கழுவினால் கஞ்சத்தனம் என்பது எந்த நியாயம்? தப்பு பேனாவின் வகையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. தூக்கி எறியப் பழகிய கையில் இங்க் பேனாவைக் கொடுத்தால் அதையும் எறியும். தூக்கி எறியும் இங்க் பேனாக்களும் கடைக்கு வந்துவிட்டன என்பதை நண்பர் கவனிக்கவில்லை.

குப்பையைப் பற்றி அவரும் நானும் ஒத்துப்போகிறோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. உறிஞ்சுகுழல் அந்தப் பட்டியலில் உண்டு, பேனா இல்லை. பேனா அந்தப் பட்டியலில் சேராததே சரி என்பேன், ஏனென்றால் அது ஒருமுறைப் பொருள் அல்ல. ஆனால் நாம் அதை ஒருமுறைப் பொருளாக்கி வைத்திருக்கிறோம். எங்கள் தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரர் பேனாவை எடைக்கு எடுப்பதில்லை. கட்டை ஒரு பிளாஸ்டிக், மூடி இன்னொரு பிளாஸ்டிக், முனை பித்தளை அல்லது உருக்கு, குண்டு டங்ஸ்டன், உள்ளே மை. இதைப் பிரித்தெடுக்கும் கூலிக்குக்கூடப் பொருள் தேறாது என்கிறார். அவர் சொல்வது உண்மை. ஆகையால் அது வாய்க்காலுக்குப் போகிறது. ஐப்பசி மழையில் வாய்க்கால் கெடிலத்தில் சேரும், கெடிலம் தேவனாம்பட்டினத்துப் பக்கம் கடலில் சேரும். மழை விட்ட மறுநாள் காலை கடற்கரையில் நடப்பவர்கள் அலை ஒதுக்கிப் போட்ட குப்பையைக் குனிந்து பார்த்தால் பேனா மூடிகளைக் காணலாம்.

சிதம்பரத்தில் படித்தவன் நான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த மூன்று வருடமும் மாலை வேளைகளில் கோயிலுக்குள் சுற்றுவது வழக்கம். அங்கே ஒருமுறை பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்ட கதை இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை அது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. புற்றை வெட்டவில்லை, சுரண்டவில்லை. எண்ணெயைச் சொரிந்து மண்ணை இளக்கி ஏடுகளை எடுத்தார்கள். பெரும்பகுதி அழிந்துவிட்டது, கிடைத்த பகுதிதான் இன்று நம் கையில் இருக்கிறது.

பேனாவைத் தேவாரத்துக்குச் சமமாக வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அந்தக் கதையில் நான் பார்ப்பது ஒரு கைப்பழக்கத்தை. எழுத்துக்கருவியோடு வாழ்ந்த சமூகம், அடைத்துக்கொண்டதை எப்படித் திறப்பது என்று அறிந்திருந்தது. இளக்கு, பொறு, பிறகு எடு. எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரியும் இலைச்சாறும் பூசி எழுத்தைத் துலக்குவதற்கு மையாடல் என்று பெயரிட்டு, பிள்ளைக்கு அதை ஒரு சடங்காகவே நடத்திய சமூகம் அது. ஏட்டுக் கட்டுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதை இன்றும் சுவடி நூலகங்களில் பார்க்கலாம். ஆயிரம் வருடமாக எழுதும் பொருளுக்கு எண்ணெயும் நேரமும் கொடுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், முனையில் ஒரு துளி அடைத்துக்கொண்டதும் போகி நெருப்பையும் குப்பைத் தொட்டியையும் தேடுகிறோம். இதற்கு 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் சூத்திரத்தை வேறு துணைக்கு அழைப்பார்கள். பவணந்தி முனிவர் அங்கே பேசியது மொழியில் சொல் வழக்கு மாறுவதைப் பற்றி. வீட்டுச் சாமான்களைப் பற்றி அல்ல.

என் தகப்பனார் புவனகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர். 1994இல் ஓய்வு பெற்றபோது ஊர்க்காரர்கள் சால்வையோடு ஓர் எவர்சில்வர் பொத்தான் பேனாவும் கொடுத்தார்கள். அவர் காலமான பிறகு அது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்தபோது பெட்டிக்குள் வண்டல் புகுந்திருந்தது. பேனாவை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ரீஃபில் எப்போதோ ஒழுகி நீலம் பாறைபோல் இறுகியிருந்தது. மேலே சேறு. பொத்தான் அசையவில்லை. ஒரு பெரிய ஊரில், பெரிய கடையில் காட்டினேன். இதைச் சரிசெய்வது மடத்தனம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். சேறு கழன்றது. பிறகு ஸ்பிரிட். ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றினேன், ஒவ்வொரு முறையும் கிண்ணம் ஆழ்ந்த நீலமானது. அப்பா கையெழுத்துப் போட்ட நாட்களின் மை அது என்று நினைத்தபோது அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை, கொல்லை மண்ணில் ஊற்றினேன். மூன்றாம் நாள் மரை திருகியது. காதுக் குச்சியில் பஞ்சு சுற்றி உள்சுவரைத் துடைத்தேன். ஸ்பிரிங்கில் துருப்பிடித்திருந்தது, அதைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். பொத்தான் 'டிக்' என்றது. அவர் கையில் நாங்கள் கேட்டுப் பழகிய சத்தம் அது. ரீஃபில்லுக்குப் பிரச்சினையே இல்லை. அந்த வகைப் பேனாக்களின் ரீஃபில் அளவு உலகம் முழுக்கத் தரப்படுத்தப்பட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய பேனாவுக்கு இன்று சிதம்பரம் தெற்கு வீதியில் வாங்கிய ரீஃபில் அப்படியே பொருந்தியது. தூக்கி எறிவதற்கென்றே செய்யப்பட்டது என்ற வாதத்துக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை அந்தப் பேனாவில்தான் எழுதினேன்.

எதையும் தூக்கி எறியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குண்டு தேய்ந்து கிண்ணம் அகன்ற பேனா எழுதும், ஆனால் மையைக் கக்கும். அதற்கு மருந்து இல்லை. சிமெண்டுத் தரையில் முனை குத்தி விழுந்து குண்டு கழன்ற ரீஃபில்லும் அப்படியே. ஜெல் பேனாவின் மை தண்ணீர் சேர்ந்தது, அது உண்மையிலேயே காயும். முனையில் மட்டும் காய்ந்திருந்தால் வெந்நீர் காப்பாற்றும், உள்ளே வரை போய்விட்டால் விட்டுவிட வேண்டியதுதான். ரீஃபில் விலையும் பேனா விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஜனங்கள் புதுப் பேனாவை வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. அது வியாபாரிகளும் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். மை இருக்கும்போதே எறிவதற்கு அது காரணம் ஆகாது.

சில பேனாக்களைக் கொல்வது நம் அவசர வைத்தியம்தான். தீக்குச்சியைக் கொளுத்தி முனையில் காட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பித்தளை சூட்டை நொடியில் உள்ளே கடத்தும், பிளாஸ்டிக் குழாய் இளகும், மை விரிந்து பிதுங்கும். அன்றைக்கு எழுதுவதுபோல் தெரியும், மறுநாள் சட்டையில் இறங்கும். ஊசியால் குண்டைக் குத்துவதும் கூடாது. ரீஃபில்லின் வாலில் வாய் வைத்து ஊதி நாக்கெல்லாம் நீலமான தலைமுறை எங்களுடையது, பிள்ளைகளை அதைச் செய்யவிட வேண்டாம். கட்டையில் படிந்த கறையை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைக்க வேண்டாம். அதில் இருக்கும் அசிட்டோன் கண்ணாடிபோல் இருக்கும் பிளாஸ்டிக் கட்டையைக் கரைத்து மங்கலாக்கிவிடும். ஸ்பிரிட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுப் பையன் இப்போது பிளஸ் டூ. பொதுத்தேர்வுக்குப் போகுமுன் வந்து அந்தப் பாட்டிலிலிருந்து நான்கு பேனாக்களை எடுத்துக்கொண்டு போனான். மீதி என் மேசையில் இருக்கின்றன, முனை கீழே பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஓர் இழுப்பறையில், ஒரு டப்பாவில் எழுதாத பேனாக்கள் கிடக்கும். நாளைக் காலை காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது அரை டம்ளர் தனியாக எடுத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அவற்றின் முனைகளை இரண்டு நிமிடம் அதில் நிறுத்திப் பாருங்கள்.